இன்டெல்லா ஏஎம்டியா: முதலில் ரேமைக் கழற்றிப் பாருங்கள்

மார்த்தாண்டத்தில் கல்யாண ஆல்பமும் வீடியோ எடிட்டிங்கும் செய்யும் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறீர்கள். இப்போது கையில் இருப்பது இன்டெல் ஐ5-7400 பிராசஸர், எச்110 மதர்போர்டு, வேறுவேறு கம்பெனியில் வேறுவேறு சமயம் வாங்கிய 8 ஜிபி டிடிஆர்4 (நாலாம் தலைமுறை) ரேம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு. நாகர்கோவில் கடையில் ஏஎம்டியின் ரைசன் பிராசஸர் போடச் சொல்கிறார்கள், தெரிந்த எடிட்டர் ஒருவர் இன்டெல்லை விட்டு நகரக் கூடாது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது, பழைய ரேம் புதியதில் ஓடுமா என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நிலைமையில் இது ஒரே கேள்விதான். ரேம் விஷயம் தெளிந்தால் பிராசஸர் விஷயம் பாதிக்கு மேல் தானாக முடிந்துவிடும். அதனால் நீங்கள் கேட்ட வரிசையைத் திருப்பிப் போட்டு, ரேமில் இருந்தே தொடங்குகிறேன்.

சில வருடம் முன்பு என்றால் பழைய ரேமை விட்டுத் தள்ளுங்கள் என்று யாரும் யோசிக்காமல் சொல்லியிருப்பார்கள். மொத்த கம்ப்யூட்டரில் மலிவான சாமான் அதுதான். 2025-ன் கடைசி மாதங்களில் அந்தக் கணக்கு கெட்டுப்போனது. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் ஏஐ சர்வர்களுக்கான மெமரிக்கு உற்பத்தியைத் திருப்ப, டெஸ்க்டாப் ரேம் விலை மளமளவென்று ஏறியது. டிடிஆர்5 மட்டும் ஏறவில்லை, டிடிஆர்4-உம் கூடவே ஏறியது. ரூபாய்க் கணக்கை இங்கே எழுதப் போவதில்லை. இன்று எழுதுவது நீங்கள் கடைக்குப் போகும் நாளில் செல்லாது. ஆனால் உங்கள் கையில் இருக்கும் 16 ஜிபி இப்போது காசு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கிவிடுங்கள். இரண்டு ரேமையும் எடுத்து வெளிச்சத்தில் வைத்து ஸ்டிக்கரைப் படியுங்கள். '8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2400டி' என்கிற மாதிரி ஒரு வரி ஆங்கிலத்தில் இருக்கும். பிசி4 என்றால் டிடிஆர்4. 2400 என்பது வேகம். அதன் வாலில் இருக்கும் 'டி' என்ற எழுத்து, தாமத எண் 17 என்று சொல்கிறது. '1ஆர்எக்ஸ்8' என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒரு வரிசை சிப், ஒவ்வொரு சிப்பும் 8 பிட் அகலம், ஆக எட்டு சிப் சேர்ந்து 64 பிட் என்று அர்த்தம். '1ஆர்எக்ஸ்16' என்று இருந்தால் அட்டையில் நாலே சிப்தான் இருக்கும். விலை குறைந்த 8 ஜிபி ரேம் நிறைய இப்படித்தான் வருகிறது. உள்ளே பேங்க் குரூப் (தரவை அடுக்கும் தொகுதி) எண்ணிக்கை பாதியாக இருப்பதால், அதே 2400, அதே 3200 என்று எழுதியிருந்தாலும் கொஞ்சம் மந்தமாகவே இருக்கும். சில ஸ்டிக்கரில் பிசி4-19200 என்று இருக்கும். பயப்பட வேண்டாம், 2400-ஐ எட்டால் பெருக்கிய எண் அது.

ஹீட் சிங்க் போட்டு மூடிய ரேம் என்றால் சிப்பை எண்ண முடியாது. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் எஸ்பிடி பக்கத்தைத் திறந்து, ஸ்லாட் ஸ்லாட்டாகப் பாருங்கள். மெமரி பக்கத்தில் 1200 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டும், அது 2400-ல் சரியாக ஓடுகிறது என்றுதான் பொருள். டிடிஆர் என்பதே ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை தரவு அனுப்புவது. உங்கள் இரண்டில் ஒன்று 3200 என்று விற்கப்பட்டதாக இருந்தாலும் எச்110-ல் ஐ5-7400 போட்டால் 2400-ஐத் தாண்டாது. புதிய போர்டுக்குப் போனாலும் பக்கத்தில் 2400 இருக்கும் வரை இரண்டும் 2400-ல்தான் ஓடும். ஜோடி மாட்டில் மெதுவாக நடப்பது எதுவோ அதுதான் வண்டியின் வேகம்.

இனி சந்தேகத்துக்கு இடமில்லாதவை. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின் என்பதால் ஒன்று மற்றதில் ஏறும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஏறாது. நடுவில் இருக்கும் வெட்டு சற்றே நகர்ந்திருக்கும், மின்னழுத்தம் வேறு, டிடிஆர்5-ல் மின்சாரத்தைச் சீராக்கும் சிப்பே ரேம் அட்டையில்தான் இருக்கிறது. அழுத்திச் செருகினால் ஸ்லாட் உடையும். சாக்கெட் என்பது போர்டில் பிராசஸர் உட்காரும் இடம். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட், அதாவது ரைசன் 1000 முதல் 5000 வரை, டிடிஆர்4 மட்டும். 2022-ல் வந்த ஏஎம்5, அதாவது ரைசன் 7000, 8000, 9000, டிடிஆர்5 மட்டும். இன்டெல்லில் 12, 13, 14ஆம் தலைமுறைக்கான எல்ஜிஏ1700 சாக்கெட் இரண்டையும் ஏற்கும். எதை ஏற்கும் என்பதை பிராசஸர் தீர்மானிப்பதில்லை, நீங்கள் வாங்கும் போர்டு தீர்மானிக்கிறது. அதற்குப் பிறகு வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கான எல்ஜிஏ1851-ல் டிடிஆர்5 மட்டும். ஆக இவற்றில் உங்கள் பழைய ரேமுக்குப் புகலிடம் இரண்டே இரண்டு: ஏஎம்4, அல்லது டிடிஆர்4 ஸ்லாட் உள்ள எல்ஜிஏ1700 போர்டு.

இந்த இரண்டிலும் உங்கள் ரேம் ஓடும் என்பது உறுதி, ஆனால் ஒரே மாதிரி ஓடாது. இங்கேதான் ரைசனுக்கும் இன்டெல்லுக்கும் நிஜமான வித்தியாசம் வருகிறது. ரைசனில் கோர்கள் இருக்கும் துண்டையும் ரேமோடு பேசும் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் துண்டையும் இணைக்கும் பாதைக்கு இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்று பெயர். ஏஎம்4-ல் அந்தப் பாதை ரேமின் துடிப்போடு கைகோத்தே நடக்கும். 3600 ரேம் போட்டால் அது 1800 மெகாஹெர்ட்ஸ், 3200 போட்டால் 1600, உங்கள் 2400-ஐப் போட்டால் 1200. ரேம் மெதுவாவதோடு நிற்காமல் பிராசஸரின் உள்பாதையும் சேர்ந்து மெதுவாகிறது. ரைசன் 5 5600-ல் இருக்கும் 32 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே உள்ள வேகமான சின்ன மெமரி) இந்தக் குறையை ஓரளவு மூடி மறைக்கும், முழுதாக மறைக்காது. 12ஆம் தலைமுறை இன்டெல்லில் உள்பாதையின் வேகம் ரேமோடு இப்படிக் கட்டிப் போடப்படவில்லை. 2400-ல் அதற்கும் நஷ்டம் உண்டு, ஆனால் குறைவு. எக்ஸ்போர்ட் மாதிரி நீளமாக ஓடும் வேலையில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. டைம்லைனில் முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கும்போதும் கேமிலும் தெரியும்.

கடையில் இன்னொரு பேச்சும் கேட்டிருப்பீர்கள்: ஏஎம்டிக்குத் தனி ரேம் வாங்க வேண்டும் என்று. இது எங்கிருந்து வந்தது என்றால், டிடிஆர்2, டிடிஆர்3 காலத்தில் 4 பிட் சிப் வைத்த மலிவு ரேம் சந்தையில் சுற்றியது, அது ஏஎம்டி போர்டில் மட்டும்தான் எழும்பும். அந்தக் கதை இன்னும் ஓய்ந்தபாடில்லை. இன்று சாதாரண டெஸ்க்டாப் ரேம் இரண்டுக்கும் பொதுவானது. பெட்டியில் எக்ஸ்எம்பி என்று இருப்பது இன்டெல் வகுத்த வேகப் பட்டியல், எக்ஸ்போ என்று இருப்பது டிடிஆர்5-க்கு ஏஎம்டி வகுத்தது. பெரும்பாலான போர்டுகள் இரண்டையும் படிக்கும். முக்கியமானது வேறு: அந்தப் பட்டியலை பயாஸில் (கம்ப்யூட்டர் எழும்பும்போது திறக்கும் போர்டின் அமைப்புத் திரை) போய் நீங்கள்தான் இயக்க வேண்டும். 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் எத்தனையோ ஸ்டுடியோவில் இன்றும் 2133-லோ 2666-லோ ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் ஸ்பீட் என்ற வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சரி, 16 ஜிபி போதுமா? உங்கள் ஆல்பத்தையே கணக்குப் போடுவோம். 12×36 அங்குல ஷீட், 300 டிபிஐ என்றால் 3600×10800 பிக்சல், சுமார் 3.89 கோடி பிக்சல். 8 பிட் ஆர்ஜிபியில் பிக்சலுக்கு 3 பைட், அதாவது ஒரு முழு லேயருக்கு 110 எம்பிக்கு மேல். பின்னணி, படங்கள், நிழல், எழுத்து என்று முழு அகலத்துக்கு நிறைந்த 20 லேயர் சேர்ந்தால் ஒரு ஷீட்டுக்கே 2 ஜிபியைத் தாண்டும். 16 பிட்டில் வேலை செய்தால் இரட்டிப்பு. ஹிஸ்டரிக்குத் தனி. லேயரில் காலி இடம் அதிகமாக இருந்தால் இவ்வளவு ஆகாது, ஆனால் நாலைந்து ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு குரோமில் வாட்ஸ்அப்பையும் ஓடவிட்டு வேலை செய்கிறவருக்கு 16 ஜிபி என்பது விளிம்பு. 32 ஜிபி இருந்தால் நிம்மதி. ஒருநாள் மும்முரமான வேலை நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். மெமரி 90 சதவீதத்துக்கு மேலேயே நின்று, டிஸ்க்கும் ஓயாமல் ஓடினால் உங்களுக்குப் பற்றாக்குறை ரேமில். மெமரி 60-ல் இருந்து சிபியு 100-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் பற்றாக்குறை பிராசஸரில். நாலு கோர், நாலு திரெட் உள்ள ஐ5-7400-ல் அனேகமாக இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

வீடியோவுக்கு வருவோம். உங்கள் எடிட்டர் நண்பர் இன்டெல் என்று சொன்னதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது, அவர் அதைச் சொன்னாரா என்று உங்கள் கேள்வியில் இல்லை. கேமரா எச்.265 என்ற சுருக்கும் முறையில் 10 பிட் 4:2:2 (4:2:0-ஐ விட நிற விவரம் அதிகம் உள்ளது) பதிவு செய்தால், அந்தக் கோப்பை டிகோட் செய்யும், அதாவது விரித்துக் காட்டும் வன்பொருள் 12ஆம் தலைமுறை இன்டெல்லின் உள் கிராபிக்ஸில் இருக்கிறது. குவிக் சிங்க் என்பார்கள். உங்கள் 1050 டிஐயில் அது கிடையாது, ரைசன் 7000-ன் உள் கிராபிக்ஸிலும் கிடையாது. அவற்றில் முழுச் சுமையும் பிராசஸர் கோர் மேல் விழும், பிளேபேக் திக்கித் திணறும். பிரீமியர் புரோ குவிக் சிங்கைப் பயன்படுத்திக்கொள்ளும். கேமரா மெனுவில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று நினைவில்லை என்றால், ஒரு கிளிப்பை மீடியாஇன்ஃபோ மென்பொருளில் போட்டு குரோமா சப்சாம்ப்ளிங் என்ற வரியைப் பாருங்கள். 4:2:0 என்று இருந்தால் இந்த வாதமே உங்களுக்குப் பொருந்தாது, அதை 1050 டிஐயே டிகோட் செய்துவிடும். கேமரா 4:2:2-ஐ எச்.264-ல் பதிவு செய்வதாக இருந்தாலும் 12ஆம் தலைமுறை குவிக் சிங்க் கை கொடுக்காது. நாளைக்கு ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கார்டு வாங்கினால், இரண்டு வகை 4:2:2-ஐயும் அந்தக் கார்டே பார்த்துக்கொள்ளும், இன்டெல்லின் இந்த அனுகூலமும் போய்விடும்.

இதில் இரண்டு இடத்தில் தவறு நடக்கும். பெயரின் முடிவில் எஃப் உள்ள பிராசஸர் கொஞ்சம் மலிவு, கடைக்காரர் கார்டுதான் இருக்கிறதே என்று அதையே எடுத்துக் கொடுப்பார். எஃப் என்றால் உள் கிராபிக்ஸ் இல்லை, குவிக் சிங்கும் இல்லை. ஐ5-12400 வேண்டும், ஐ5-12400எஃப் வேண்டாம். இரண்டாவது, தனி கிராபிக்ஸ் கார்டு செருகியவுடன் பல போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். பயாஸில் ஐஜிபியு மல்டி மானிட்டர் என்றோ அதைப் போன்ற பெயரிலோ இருப்பதை இயக்கி, விண்டோஸில் இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரையும் போட வேண்டும். டாஸ்க் மேனேஜரில் இரண்டு ஜிபியு தெரிந்தால் சரி.

ஆக என் தேர்வு: ஐ5-12400, டிடிஆர்4 ஸ்லாட் உள்ள பி660 அல்லது பி760 போர்டு, இப்போதைக்கு உங்கள் பழைய இரண்டு ரேம். காரணம் கம்பெனி மேல் அபிமானம் இல்லை. கையில் 2400 ரேம் இருக்கிறது, அதில் குறைவாக அடிபடுவது இது. வீடியோ வேலை இருக்கிறது. கேமரா 4:2:0 மட்டும் எடுப்பதாக இருந்து, 3200 ரேமாக 32 ஜிபி ஏற்கெனவே கையில் இருந்திருந்தால் எட்டு கோர் உள்ள ரைசன் 7 5700எக்ஸை பி550 போர்டில் போடச் சொல்லியிருப்பேன். ரேமே இல்லாமல் புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் ஏஎம்5-ல் ரைசன் 5 7600 அல்லது 9600எக்ஸ், கூடவே 6000 வேகம், தாமத எண் 30 உள்ள 16 ஜிபி ரேம் இரண்டு கொண்ட ஜோடி. அந்த சாக்கெட்டுக்கு 2027-ஐத் தாண்டியும் ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது, பிறகு பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எல்ஜிஏ1700-க்கும் ஏஎம்4-க்கும் அந்த வசதி இனி இல்லை. இன்று போடுவதுதான் கிட்டத்தட்ட கடைசி. உங்கள் நாகர்கோவில் கடைக்காரர் ரைசன் என்று சொன்னது இதை நினைத்தா என்று கேட்டுப் பாருங்கள். ஏஎம்5-ஐ நினைத்துச் சொல்லியிருந்தால், டிடிஆர்5 விலையையும் சேர்த்துத்தான் மொத்தக் கணக்கைக் காட்டச் சொல்ல வேண்டும்.

13, 14ஆம் தலைமுறை இன்டெல் கெட்டுப்போகிறது என்று படித்திருப்பீர்கள். அது நடந்த விஷயம்தான். அளவுக்கு மீறிய வோல்டேஜ் கேட்டு வாங்கி, காலப்போக்கில் சிப் தேய்ந்தது. 2024-ல் இன்டெல் மைக்ரோகோடு (பிராசஸருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தம் வெளியிட்டது, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. அந்தப் பட்டியலில் இருப்பவை ஐ7, ஐ9, பெயரின் முடிவில் கே உள்ள ஐ5. ஐ5-12400 பன்னிரண்டாம் தலைமுறை, இந்தச் சிக்கலில் வராது. யாராவது பழைய ஐ7-13700கே மலிவாகத் தருகிறேன் என்றால் மட்டும் யோசியுங்கள். பயாஸைப் புதுப்பித்தால் மேலும் தேயாமல் தடுக்கலாம், தேய்ந்தது திரும்பாது.

இதுவரை உறுதியானவை. இனிச் சொல்வது தூரத்தில் இருந்து உத்தரவாதம் தர முடியாதவை. உங்கள் வேறுவேறு கம்பெனி ரேம் இரண்டும் 2400-ல் சேர்ந்து ஓடும் என்பது ஏறக்குறைய நிச்சயம், இப்போதும் அப்படித்தான் ஓடுகின்றன. அவற்றை பயாஸில் கையால் 2666-க்கோ 2933-க்கோ ஏற்ற முடியுமா என்பது குலுக்கல் சீட்டு. ஏறினால் லாபம், ஏறாவிட்டால் நடுராத்திரி எக்ஸ்போர்ட்டில் நீலத்திரை. வாடிக்கையாளர் வேலை ஓடும் கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பின்னால் 16 ஜிபி ரேம் இரண்டு கொண்ட ஜோடி ஒன்று வாங்கி நாலு ஸ்லாட்டையும் நிரப்பினால் 48 ஜிபி ஆகும். நாலு அட்டையை 3200-ல் ஓட்டுவது கன்ட்ரோலருக்குப் பாரம், பல சமயம் இறங்கிவிடும். ஆனால் உங்கள் பழையவை இருக்கும்வரை எல்லாம் 2400-ல்தானே ஓடப்போகிறது, அந்த வேகத்தில் நாலும் சேர்ந்து ஓட நல்ல வாய்ப்பு உண்டு. ஏஎம்5-ல் இதைச் செய்யாதீர்கள். ரைசன் 7000-ல் நாலு டிடிஆர்5 போட்டால் ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகமே 3600-க்கு இறங்கிவிடுகிறது.

போர்டு வாங்கும்போது பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஒரே பி760 மாடல் டிடிஆர்4-க்கு ஒன்றும் டிடிஆர்5-க்கு ஒன்றும் வரும். டிடிஆர்4 உள்ளதன் பெயரில் 'டி4' அல்லது 'டிடிஆர்4' என்று இருக்கும். அது இல்லாமல் பெயர் முடிந்தால் பெரும்பாலும் டிடிஆர்5. திருவனந்தபுரம் வரை போய் வாங்கி வந்து வீட்டில் பெட்டியைத் திறந்த பிறகு தெரிந்தால் ஒரு நாள் போச்சு. எச்610 மலிவு, ஆனால் பெரும்பாலும் இரண்டே ஸ்லாட். 32 ஜிபிக்குப் போகும்போது பழைய இரண்டையும் கழற்றி எறிய வேண்டும். ஐ5-12400 என்றால் எந்த பயாஸ் பதிப்பிலும் எழும்பும், 13, 14 என்றால் பழைய இருப்பு போர்டில் பயாஸ் புதுப்பிக்க வேண்டிவரும். பில்லில் பிராசஸர், போர்டு இரண்டின் சீரியல் எண்ணையும் எழுதி வாங்குங்கள். பாக்ஸ் பிராசஸருக்கு கம்பெனி வாரண்டி 3 வருடம். பெட்டி இல்லாமல் கையில் தருவதற்கு கடைக்காரர் சொல்வதுதான் வாரண்டி.

பழைய கூலர் பொருந்தாது. எச்110-ல் துளைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர், எல்ஜிஏ1700-ல் 78. பாக்ஸ் 12400 கூடவே கூலர் வரும், அது போதும். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் பிராசஸருக்கான 8 பின் ஒயர் இருக்கிறதா பாருங்கள். 12400 அடிப்படையில் 65 வாட், முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கும். 4 பின் மட்டும் இருந்தால் அது வயதான எஸ்எம்பிஎஸ் என்பதற்கே அடையாளம். கன்வெர்ட்டர் ஒயர் தேடாமல் 80 பிளஸ் பிரான்ஸ் தரத்தில் 550 வாட் ஒன்று வாங்குங்கள். இப்படி நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது நம் ஊரில் ஒரு வினோதம் நடக்கும். அவற்றில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற, மின்சாரம் இழுப்பதைச் சீராக்கும் சுற்று இருக்கும். சதுர அலை தரும் மலிவு யுபிஎஸ்ஸோடு சில சேராது. குலசேகரம், அருமனை பக்கம் மழையில் ரப்பர் மரம் லைனில் சாய்ந்து கரண்டு போகும் நொடியில், யுபிஎஸ் உயிரோடு இருக்க கம்ப்யூட்டர் மட்டும் அணைந்துவிடும். புதுப் பிராசஸர் பழுது என்று கடைக்குத் தூக்காதீர்கள். எஸ்எம்பிஎஸ் போட்டவுடனே, வேலை எதுவும் திறக்காமல், யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கி நாலைந்து தடவை சோதியுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அதன் பின்னால் உள்ள சுவிட்ச் யுபிஎஸ் மோடில் இருக்க வேண்டும்.

மாட்டும்போது கவனம் எல்லாம் சாக்கெட்டில். எல்ஜிஏ1700-ல் பின்கள் போர்டில்தான் நிற்கின்றன, முடி மாதிரி மெல்லியவை. ஒன்று வளைந்தால் ஒரு ரேம் ஸ்லாட் முழுதுமே தெரியாமல் போகலாம். மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியை முதலில் கழற்றாதீர்கள். பிராசஸரை முக்கோணக் குறி பார்த்து உள்ளே வைத்து, இரும்புச் சட்டத்தை மூடி லீவரை அழுத்தினால் மூடி தானே தெறித்து வெளியே வரும். அதைப் பத்திரப்படுத்துங்கள், வாரண்டிக்கு அனுப்பும்போது சாக்கெட் மேல் அது இருக்க வேண்டும். இரண்டு ரேமையும் பிராசஸரில் இருந்து எண்ணும்போது இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போடுங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் தரவு அனுப்பும் டூயல் சேனல் அப்போதுதான் கிடைக்கும். குளச்சல், தேங்காப்பட்டணம் மாதிரி கடலோரத்தில் ஓடிய ரேம் என்றால் பின்னில் உப்புப் படிவு இருக்கும். ரப்பரால் அழுத்தித் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். அது தங்க முலாமையும் சேர்த்துத் தேய்க்கும், துகளையும் விட்டுச் செல்லும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்துக் காயவிட்டால் போதும்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது, ஐ5-7400-க்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது, 12400-க்கு உண்டு. பழைய டிஸ்க்கை அப்படியே மாட்டி எழுப்பப் பார்க்காமல் புதிதாக நிறுவுங்கள். பழைய நிறுவல் எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் பிரிப்பு முறையில் இருந்தால் புதிய போர்டில் எழும்பாமல் நிற்கலாம். போர்டோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் என்றால் புது போர்டுக்கு வராது, அதற்கும் பணம் ஒதுக்கி வையுங்கள்.

எல்லாம் மாட்டிய முதல் ராத்திரி வேலை தொடங்காமல் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் போட்டு நாலு சுற்று ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை சிவப்பில் வந்தாலும் பரவாயில்லை என்று விடாதீர்கள். ஆல்பக் கோப்பு ஒன்று சேமிக்கும்போதே சிதையும், எப்போது சிதைந்தது என்றே தெரியாது. பிழை வந்தால் ஒரு ரேமை எடுத்துவிட்டு மற்றதை அதே ஸ்லாட்டில் தனியாகச் சோதியுங்கள், பிறகு மாற்றிப் போட்டுச் சோதியுங்கள். பிழை ரேமோடு நகர்ந்தால் ரேம் பழுது. எந்த ரேமைப் போட்டாலும் அந்த ஸ்லாட்டில் மட்டும் வந்தால், பிராசஸரைக் கழற்றி சாக்கெட் பின்களை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.